திங்கட்கிழமை மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்

(இயற்பியல் ஆசிரியர்களுக்கும் தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கும் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில், தானியங்கி ஊர்திப் பிரிவுத் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மின்னோட்டவியலைச் செயல்வழியில் கற்பித்தல்'. இங்கே பாதிப் பேர் இயற்பியல் ஆசிரியர்கள். ஓம் விதியை உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையாகிவிடும். அதனால் ஒரே ஒரு பழைய காரைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். அந்தக் காரில் என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னென்ன அளந்தார்கள், அந்த எண்கள் என்ன சொல்லின என்பதுதான் என் உரை.

கார் எங்கள் தலைமையாசிரியை அம்மாவுடையது. இருபது வயது தாண்டிய பெட்ரோல் கார். இரண்டாம் கையாக வாங்கியது. தினமும் போக வர அறுபது கிலோமீட்டர் ஓடும். செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். திங்கட்கிழமை காலையில் மட்டும் செல்ஃப் எடுக்காது. 'டக் டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பையன்கள் தள்ளிவிட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாயிற்று. மூன்றாவதும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. போகிற இடத்திலெல்லாம் ஒரே பதில்: "பேட்டரி வீக் மேடம், மாத்திடலாம்." காரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்த நேரத்தில்தான், "விக்கிறதுக்கு முன்னாடி நம்ம பசங்க ஒரு தடவை பாக்கட்டும்மா" என்று கேட்டு வாங்கினேன்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. நம் ஊரில் பொருளை மாற்றினால் காசு கொடுப்பார்கள், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கோளாறைத் தேடினால், "சும்மா பாத்ததுக்கு எதுக்குப்பா காசு?" என்பார்கள். தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் யாரும் தேட மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு கோளாறுக்கு நான்கு பிரிவேளை செலவழிக்க நம்மால் முடியும். நம்மிடம் வேறு வசதி இல்லாவிட்டாலும் இந்த ஒரு வசதி இருக்கிறது.

முதல் நாள் யாரையும் காரைத் தொட விடவில்லை. கரும்பலகையில் நம் வீட்டு மேல்நிலைத் தொட்டியை வரைந்தேன். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. என்ன காரணமாக இருக்கலாம்? மோட்டார் ஏற்றியிருக்காது என்றான் ஒருவன். தொட்டியில் ஓட்டை என்றான் இன்னொருவன். ராத்திரி யாரோ குழாயை மூடாமல் விட்டிருப்பார்கள் என்றாள் ஒரு மாணவி. தண்ணீர் இருக்கிறது, குழாயில் அடைப்பு என்றும் ஒரு குரல் வந்தது. காருக்கும் இதே கணக்குதான். ஆல்டர்னேட்டர் (நம் பக்கத்துப் பட்டறைகளில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்) சரியாக ஏற்றுகிறதா? பேட்டரி ஏற்றியதைத் தாங்குகிறதா? வண்டி நிற்கும்போது யாராவது குடிக்கிறார்களா? இருப்பது செல்ஃப் மோட்டார் வரை போய்ச் சேருகிறதா? வெளியே தெரியும் அறிகுறி நான்குக்கும் ஒன்றே. "பேட்டரி வீக்" என்பது இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டுமே பதில்.

'திங்கட்கிழமை மட்டும்' என்பதையும் பலகையில் எழுதிவைத்தேன். அது எதற்கு என்று அன்று நான் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பேட்டரி. பாதுகாப்பு விதிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 12 வோல்ட்தானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுவோம். மோதிரம், வளையல், உலோகப் பட்டைக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ்தான். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய், கையிலிருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் அந்த ஸ்பேனரே ஷார்ட் ஆகும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் தீப்பொறி கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பையன் கேட்டான்: "சார், செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல போகும்னு சொல்றீங்க, தொட்டா ஷாக் அடிக்காதா?" நல்ல கேள்வி. வீட்டில் 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் பிளக்கைக் கண்டு பயப்படுகிறவன் அவன். காய்ந்த தோலின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். அதன் வழியாக 12 வோல்ட் தள்ளக்கூடிய மின்னோட்டம் சில மில்லி ஆம்பியர்தான். அதே 12 வோல்ட், மின்தடை ஏறக்குறைய சுழியாக இருக்கும் ஒரு ஸ்பேனர் வழியாகத் தள்ளும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர். மின்னோட்டத்தை முடிவு செய்வது பேட்டரி மட்டுமல்ல, எதிரே இருக்கும் மின்தடையும்தான். பத்தாம் வகுப்பிலேயே அவன் எழுதித் தேறிய சூத்திரம்தான் அது.

அன்று பேட்டரி 11.9 வோல்ட் காட்டியது. 12 வோல்ட் பேட்டரிக்கு 11.9 என்றால் கிட்டத்தட்டச் சரியாகத்தானே இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். ஈய அமில பேட்டரியில் 12 என்பது பெயர் மட்டும்தான். முழுதாக ஏறி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டும். 12.2 என்றால் பாதி. 11.9 என்றால் காலி. முழுமைக்கும் காலிக்கும் இடையே முக்கால் வோல்ட்தான் வித்தியாசம். அதனால் முள் அசையும் பழைய மீட்டரைவிட, இரண்டு தசம இடம் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இங்கே உதவும்.

சார்ஜரில் போட்டு மெதுவாக ஏற்றி, ஓர் இரவு ஓய்வு கொடுத்து மறுநாள் பார்த்தோம்: 12.6. மூடி திறக்கும் வகை பேட்டரி என்பதால் ஹைட்ரோமீட்டரும் போட்டோம். ஆறு செல்களும் 1.25, 1.26 என்று ஒரே மாதிரி இருந்தன. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 அளவுக்குக் குறைந்தால் அந்த செல் போய்விட்டது என்று பொருள். இங்கே அப்படி இல்லை. பட்டறைக்காரர்களிடம் ஒரு குறுக்குக் கணக்கு உண்டு: ஒப்படர்த்தியோடு 0.84-ஐக் கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் தோராயமாகக் கிடைக்கும். 1.26-ம் 0.84-ம் சேர்ந்தால் 2.10, ஆறால் பெருக்கினால் 12.6. மீட்டரில் பார்த்த எண்ணும் அதே. இரண்டு வெவ்வேறு கருவி ஒரே பதிலைச் சொன்னதும் வகுப்பில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அதைப் பாடநூலில் அச்சடிக்க முடியாது.

அப்படியானால் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. முன்பு மாற்றிய இரண்டும் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டன. அவை எப்படி இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஏற்றுகிறதா என்ற கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட், ஹெட்லைட்டைப் போட்டாலும் 13.7. சுமார் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டியது; விளக்குச் சுமையில் இந்த அளவு இறங்கினால் கவலையில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, பேட்டரி கொதிக்கும். அந்தத் தொல்லை இங்கே இல்லை.

அடுத்தது, வண்டி நிற்கும்போது குடிப்பது யார்? இங்கேதான் மல்டிமீட்டரைத் தொடரிணைப்பில் வைக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டர். ஆனால் எடுத்தவுடன் மீட்டரை வைக்காதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் 10 ஆம்பியர்தான். எங்காவது பெரிய ஷார்ட் இருந்தால் அது போய்விடும். முதலில் ஹோல்டரோடு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை அதே இடத்தில் தொடராக வையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். இரண்டு ஆம்பியருக்கு மேல் அது போகவிடாது. எரியாவிட்டால் மீட்டருக்கு ஆபத்தில்லை. எங்கள் பல்பு மங்கலாகக்கூட எரியவில்லை. இன்னொன்று: சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது வோல்ட் பார்க்கிற நினைப்பில் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துவிடக் கூடாது. மீட்டர் நடுவில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பவும் கூடாது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

கதவைச் சாத்தி, உள்விளக்கு அணைந்து, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தோம். 0.36 ஆம்பியர்.

இது பெரிதா சிறிதா என்று கேட்டேன். மின்விசிறிகூட அதைவிட அதிகம் இழுக்கும் என்றார்கள். மோசமில்லை, ஆனால் ஒப்பிடுவது அதோடு அல்ல. இந்த வயதுக் காரில் கடிகாரம், ரேடியோவின் நினைவகம், என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லி ஆம்பியர் எடுக்கும். 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது 360.

இப்போது அந்த மாணவி, தொட்டிக் குழாயைச் சொன்னவள், நோட்டைத் திருப்பிக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். வெள்ளி மாலை 5 மணிக்கு நிறுத்தி, திங்கள் காலை 7 மணிக்கு எடுத்தால் 62 மணி நேரம். 0.36-ஐ 62-ஆல் பெருக்கினால் 22 ஆம்பியர்-மணி. பேட்டரியே 35 ஆம்பியர்-மணி. மிச்சம் 13. "சார், மத்த நாள்ல ராத்திரி 14 மணி நேரம்தான், 5 ஆம்பியர்-மணிதான் போகுது. காலைல வண்டி ஓடுறப்ப திரும்ப ஏறிடுது. அதான் திங்கக்கிழமை மட்டும்!" பலகையில் இரண்டு நாளாகச் சும்மா கிடந்த வரிக்கு அவளாகவே வந்து சேர்ந்தாள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அதை ஒரு வரியாக எழுதியிருப்பாள், அவ்வளவுதான்.

குடிப்பது யார் என்பது இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி மீட்டரைப் பார்ப்பது வழக்கமான முறை. எந்த பியூஸைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில் திருடன் இருக்கிறான். ஹாரன், வைப்பர், பிரேக் விளக்கு, ரேடியோ என்று வரிசையாகக் கழற்றினார்கள். 0.36 என்பது 0.34 ஆனது. அதற்கு மேல் அசையவில்லை. பெட்டியில் ஒரு பியூஸ்கூட மிச்சமில்லை, மீட்டரில் 0.34 அப்படியே நிற்கிறது.

பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கோ உள்ளூர மகிழ்ச்சி. 'இல்லை' என்ற விடையும் ஒரு விடைதான் என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. எல்லா பியூஸையும் எடுத்த பிறகும் மின்னோட்டம் போகிறதென்றால், அது பியூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை. பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராகப் போவது எவை? செல்ஃப் மோட்டார் கேபிள், ஆல்டர்னேட்டர் கேபிள், பிறகு யாராவது இடையில் சேர்த்தது. ஆல்டர்னேட்டரைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. அதற்குள் மாறுதிசை மின்னோட்டத்தை நேராக்கும் டயோடுகள் இருக்கின்றன. ஒன்று பழுதானால், வண்டி நிற்கும்போது பேட்டரி அதன் வழியே பின்னோக்கிக் கசியும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து, முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்தோம். 0.34. அதுவும் இல்லை.

பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் முனையையே உற்றுப் பார்த்தார்கள். கம்பெனிக் கேபிள்களோடு ஒட்டி, கறுப்பு டேப்புக்குள் சுற்றப்பட்டு, ஒரு சிவப்பு ஒயர் கூடுதலாகப் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால், ரப்பர் வளையம் வழியாக உள்ளே நுழைந்து, மிதியடிக்குக் கீழே ஓடி, முன் இருக்கையின் அடியில் மறைந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் உண்டு. பட்டறையில் கை மட்டும் பேசும். அவன் படுத்துக் கையை விட்டு, "சார், சூடா இருக்கு" என்றான். பழைய உரிமையாளர் பாட்டுக்காக வைத்திருந்த ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் ஒயரெல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. ஆனால் ரேடியோ போட்டால் மட்டும் விழித்துக்கொள்ள வேண்டிய மெல்லிய ஒயரை, யாரோ நேரடி சிவப்பு ஒயரோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்காக இரவும் பகலும் யாருக்கும் பாடாமல் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 0.34-ஐ 12.5-ஆல் பெருக்கினால் நாலேகால் வாட். கைக்குத் தெரிந்த சூடு அதுதான். அந்த ஒயரை எடுத்ததும், திரும்பப் போட்ட பியூஸ்களோடு சேர்த்து மீட்டர் காட்டியது 0.02.

அடுத்த திங்கட்கிழமை அம்மா கார் ஸ்டார்ட் ஆனது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை உறுத்தியது: "எடுக்குதுப்பா, ஆனா கொஞ்சம் திணறித்தான் எடுக்குது." பேட்டரி நிறைந்திருக்கிறது, கசிவு நின்றுவிட்டது, பிறகு ஏன் திணற வேண்டும்? தொட்டிப் படத்தின் நான்காவது கேள்வி மிச்சமிருந்தது.

இந்தச் சோதனைக்கு என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டும். இக்னிஷன் காயிலின் இணைப்பை எடுத்துவிட்டோம். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், காருக்கு முன்னால் யாரும் இல்லை, ஒரு தடவைக்கு ஐந்து நொடி மட்டும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கியிருந்தேன். கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஏ.சி. மட்டும் அளப்பது, பார்த்து வாங்குங்கள். செல்ஃப் இழுத்தது 110 ஆம்பியர். அப்போது பேட்டரி முனைகளில் 11.1 வோல்ட். 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரிலோ 9.5 வோல்ட்தான் இருந்தது. நடுவில் 1.6 வோல்ட் எங்கே?

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடித்தோம். இரண்டும் ஒரே எர்த். சுழி காட்ட வேண்டும், மிஞ்சினால் 0.2. காட்டியது 1.3. பாசிட்டிவ் பக்கம் 0.3. கியர்பாக்ஸில் எர்த் கேபிள் முறுக்கியிருந்த போல்ட்டின் கீழே துருவும் எண்ணெய்ப் பிசுக்கும். 1.3-ஐ 110-ஆல் வகுத்தால் 0.012 ஓம். இதைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் கண்டுபிடிக்கவே முடியாது, மீட்டரின் ஒயரே அதைவிடப் பல மடங்கு. 110 ஆம்பியர் ஓடும்போது மட்டும்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வில் 12.6, சுமையில் 11.1, மின்னோட்டம் 110. பேட்டரியின் அக மின்தடை 0.0136 ஓம். துருப்பிடித்த அந்த ஒரு போல்ட், ஏறக்குறைய இன்னொரு பேட்டரியின் அக மின்தடைக்குச் சமம். தேர்வுத்தாளில் 2 ஓம் அக மின்தடை என்று கணக்குக் கொடுத்துக் கொடுத்து, அது ஏதோ கற்பனைப் பொருள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள். உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மறுபடி அளந்தபோது 1.3 என்பது 0.1 ஆனது. செல்ஃப் சுற்றும் சத்தமே மாறிவிட்டது.

செலவு உப்புத்தாள் மட்டும்தான். அம்மா காரை விற்கவில்லை.

ஒரு வேண்டுகோள். செய்முறைப் பதிவேட்டில் போன ஆண்டு அண்ணன் எழுதிய அளவையே இந்த ஆண்டும் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதுகிறார்கள். நாமும் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் பிள்ளைகளின் நோட்டில் எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலும் இருந்தன. ஆல்டர்னேட்டரில் ஒன்றும் இல்லை என்ற பக்கமும் இருந்தது. அதற்கும் மதிப்பெண் போட்டேன்.

முன்வரிசையில் ஒரு சகோதரி, புதிய கார்களிலும் இப்படிச் செய்யலாமா என்று சீட்டு அனுப்பியிருக்கிறார். அளவிடும் கொள்கை அதேதான். ஆனால் பூட்டிய பிறகும் அவற்றின் பெட்டிகள் தூங்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். பியூஸைக் கழற்றினால் மறுபடி விழித்துக்கொள்ளும். அதனால் பியூஸைக் கழற்றாமல் அதன் இரு முனைகளுக்கிடையே மில்லி வோல்ட் பார்க்க வேண்டும். மின்சாரக் கார், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் இருக்கும். அவற்றில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். பள்ளியில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பேச்சு போதும். வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பழைய கார் நிற்கிறது. நான்கு மீட்டரும் இரண்டு 21 வாட் பல்பும் கொண்டுவந்திருக்கிறேன். அதில் ஒரு கசிவை நானே வைத்திருக்கிறேன், எங்கே என்று சொல்ல மாட்டேன். இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவருமாகச் சேர்ந்து வாருங்கள். மோதிரத்தைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு வாருங்கள்.